இரண்டு முறை கழற்றிய ஸ்பிரிங்

பெரியவள் எல்.எல்.ஆர். வாங்கி வந்து, முதல் தடவையாக நம் காரின் ஸ்டீயரிங்கைப் பிடித்த அன்று என்னிடம் ஒன்று கேட்டாள். அவள் சிநேகிதி வீட்டுக் கார் போன வருடம் வாங்கியது, அதுவே வளைவில் ஆடுகிறது, நம் பழைய கார் மட்டும் ஏன் சாயாமல் போகிறது என்று. நான் சிரித்துவிட்டு ரோட்டைப் பார் என்றேன். ஓட்டப் பழகுகிறவளிடம் ஓட்டும் நேரத்தில் கதை பேசக்கூடாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். சின்னவனும் படிக்கட்டும், அவனும் இன்னும் சில வருடத்தில் சாவியைக் கேட்பான்.

நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். எழுத்து எனக்குத் தொழில் இல்லை. ஆனால் ஒரு வண்டி ரோட்டில் எப்படி நிற்க வேண்டும், எப்படி ஓட வேண்டும் என்று கேட்டால் யாருக்கும் பயப்படாமல் சொல்லுவேன். அந்தத் தைரியம் எனக்குப் புத்தகத்தில் வரவில்லை. ஒரு தடவை நன்றாகத் தப்புச் செய்தேன், அதில் வந்தது.

உங்கள் அம்மாவுக்குத் தலைமை ஆசிரியர் பதவி உயர்வு வந்த வருடம் அது. பெரியவள் எட்டாவது, சின்னவன் நாலாவது. அம்மா அந்த வருடம் அடிக்கடி தரையில் பாய் போட்டு நேராகப் படுத்துக் கிடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காரணத்தை முழுதாக நாங்கள் சொல்லவில்லை. இடுப்பில் ஒரு டிஸ்க் நகர்ந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம், ஆனால் குலுக்கல் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மணவாள நகரில் நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருந்தவரை அது ஒரு பிரச்சினையாக இல்லை.

கவுன்சிலிங்கில் கிடைத்த பள்ளிக்கூடமோ ஊத்துக்கோட்டை தாண்டி, கும்மிடிப்பூண்டி போகிற பக்கம் ஒரு கிராமத்தில். இரண்டு பஸ், அதற்கு மேல் ஷேர் ஆட்டோ. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் அவள் இடுப்பு தாங்காது. மூன்று வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் எனக்கு இந்தப் பதவி வேண்டாம் என்று கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மறுபடி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பல வருடமாக ஒண்ணாம் வகுப்புக்கு அ, ஆ எழுதக் கை பிடித்துக் கொடுத்தவள் அவள். அந்த ஆர்டர் வந்த அன்று அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள். அவளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

நான் வேலை பார்க்கிற கம்பெனி கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில். அதுவரை கம்பெனி பஸ்ஸில்தான் போய் வந்தேன். கார் ஞாயிற்றுக்கிழமைக்கு. நான் ஜெனரல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு, காரில் அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். சூபர்வைசரிடம் பேசினேன், ஒத்துக்கொண்டார். மிச்சம் இருந்தது கார் ஒன்றுதான்.

நம் கார் வாங்கும்போதே செகண்ட் ஹேண்ட். இன்ஜின் தங்கம். ஆனால் அடிப்பாகம் தளர்ந்து போயிருந்தது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து மண் ஒட்டிக் கிடந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் மூன்று தடவை எழுந்து உட்காரும். ஸ்பிரிங்குக்கு எடையைத் தாங்குவதும் துள்ளுவதும்தான் வேலை. அந்தத் துள்ளலை ஒரே அமுக்கில் அடக்குவது ஷாக்கின் வேலை. ஷாக் செத்துப்போனால் ஸ்பிரிங் தன் இஷ்டத்துக்கு ஆடும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

என்னைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு வளைவு பிடிக்கும். ஊருக்குள் நான் வேகமாகப் போக மாட்டேன், பள்ளிக்கூடத்துப் பக்கம் வேகம் எடுக்கவே மாட்டேன். ஆனால் பூண்டி ஏரிப்பக்கம் ரோடு வளைந்து வளைந்து போகுமே, எதிரில் வெகு தூரம் காலியாகத் தெரியுமே, அங்கே கியரை ஒன்று குறைத்து, வளைவுக்குள் வண்டியை ஒரே கோட்டில் கொண்டுபோய் வெளியே எடுப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். லேத்தில் இரும்பைச் சீவும்போது ஒரே இழுப்பில் சுருள் அறுபடாமல் வருமே, அந்த மாதிரி. பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு அது முடியாது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, திணறி, அப்புறம்தான் திரும்பும். ஆகவே அம்மாவின் இடுப்புக்காக வண்டியைச் சரிசெய்யப் போகிறேன் என்று நான் கிளம்பியதில் என் ஆசையும் கொஞ்சம் கலந்திருந்தது.

மணவாள நகரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் என்னோடு ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ஆந்திரா பார்டர் ஊர்க்காரன். எல்லாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவான், கோபம் வந்தால் இன்னும் அதிகமாகக் கூப்பிடுவான். எனக்கு என்ன வேண்டும் என்று சொன்னேன். தினமும் போகிற ரோட்டில் மெத்தை மாதிரி போக வேண்டும், வளைவில் பலகை மாதிரி நிற்க வேண்டும்.

"நைனா, நீ ஒரே தட்டுல இட்லியும் கேக்கற, அது முறுக்கு மாதிரி கடிக்கவும் வேணும்ங்கற" என்றான்.

"முடியுமா முடியாதா, அத்த சொல்லு."

"முடியும்னு முடிவு பண்ணிக்கினு வந்து நிக்கற. முடியாதுன்னா இன்னா பண்ணப் போற, வேற ஷெட்டுக்குப் போவ. வண்டிய ஏத்து."

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சுற்றி வந்து பார்த்தான். சக்கரத்துக்கும் மேலே இருக்கிற வளைவுத் தகட்டுக்கும் நடுவில் விரல் வைத்து அளந்தான். முன்னால் நாலு விரல் இடைவெளி. பின்னால் இரண்டு விரல்கூட இல்லை. வண்டி பின்னால் உட்கார்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. வீட்டு வாசலில் நானும் கவனித்திருந்தேன், ஷாக் போனதால் என்று நினைத்தேன். அவன் தலையை ஆட்டினான். ஷாக் போனால் வண்டி ஆடும், இறங்காது, இறங்கியிருக்கிறது என்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றான். சரியான பேச்சு. இன்றைக்கும் நான் அதை மறுக்க மாட்டேன்.

பிறகு அவன் கேட்க வேண்டியதைக் கேட்டான். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்றான். பாதி டேங்க் என்றேன்.

"டிக்கியில இன்னா கீது?"

"ஒரு குடை, ஒரு பேப்பர் கட்டு. அதுல இன்னா இருக்கப் போவுது?"

இதைச் சொல்லும்போது நான் டிக்கியைத் திறந்து பார்க்கவில்லை. கம்பெனியில் நான் மெயின்டனன்ஸில் இருக்கிறேன். ஒரு மெஷின் ஓடாமல் நின்றிருந்தாலும், கரண்ட் போயிருந்தாலும், உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்க்காமல் கை வைக்க மாட்டேன். அப்படிப் பழகியவன் என் சொந்தக் காரின் டிக்கியைப் பார்க்காமல் பதில் சொன்னேன். என் பை எப்போதும் பின்சீட்டில்தான் கிடக்கும். டிக்கி உங்கள் அம்மாவின் இடம், எனக்கு அங்கே வேலை இல்லை.

முன்பக்கம் ஷாக், அதன் தலையில் உட்காரும் ரப்பர், கீழே சக்கரத்தைத் தாங்கும் ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் புதிதாகப் போட்டான். பின்பக்கம் வாயு அடைத்த கேஸ் ஷாக். இதே காரை டாக்சிக்கென்று கனமான ஸ்பிரிங்கோடு விற்கிறார்கள். அந்த ஸ்பிரிங் ஒரு ஜோடி பின்பக்கத்துக்கு வரவழைத்தான். பழைய ஸ்பிரிங் இரண்டையும் கழற்றி ஷெட் மூலையில் போட்டான். வேலை முடிந்து கீழே இறக்கியபோது முன்னால் நாலு விரல், பின்னால் நாலு விரல். ஸ்கேல் வைத்த மாதிரி நின்றது. பின்பக்க ஷாக்குக்கும் ஸ்பிரிங்குக்கும் கீழிருந்துதான் வேலை, அதனால் அவனுக்கும் டிக்கியைத் திறக்க வேண்டி வரவில்லை.

அன்று நான் தனியாகப் பூண்டி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். பிள்ளைகளே, அந்த மாதிரி ஒரு வண்டியை நான் அதுவரை ஓட்டினதில்லை. ஸ்பீடு பிரேக்கரில் ஒரே ஒரு மூச்சு, அடங்கிவிட்டது. வளைவில் நான் நினைத்த கோட்டை விட்டு ஒரு சாண் நகரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து அதே வளைவில் இன்னொரு தடவை போனேன். திரும்பி வந்து அவனுக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், திங்கட்கிழமை நான் லீவு போடுகிறேன், பள்ளிக்கூடம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், நீ மகாராணி மாதிரி உட்கார்ந்து வா என்று சொன்னேன். அவள் நம்பினாள். அன்று சாயங்காலம் அந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று போனில் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் கிளம்பினோம். திருவள்ளூர் ரயில்வே கேட் பக்கம் வரும்போதே எனக்கு வண்டி வேறு மாதிரி இருந்தது. சின்னக் கல்லில் ஏறினாலும் பின்பக்கம் டக்கென்று உதைத்தது. டயரில் காற்று அதிகம் என்று நினைத்தேன். ஊரைத் தாண்டியதும் அம்மா கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நான் மெதுவாகத்தான் போனேன். மெதுவாகப் போனால் இன்னும் அதிகமாக உதைத்தது. வேகம் எடுத்தால் அடங்கும் என்று எடுத்தேன், அது என் இரண்டாவது தப்பு.

ஏரிப்பக்கத்து வளைவு ஒன்றில் தாரில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். நான் வளைவுக்குள் இருக்கும்போது பின்சக்கரம் அந்த ஒட்டில் ஏறித் துள்ளியது. துள்ளிய சக்கரத்துக்குப் பிடி கிடையாது. வண்டியின் பின்பக்கம் வெளிப்பக்கமாக ஓர் அடி நழுவியது. ஸ்டீயரிங்கைத் திருப்பி நேராக்கிவிட்டேன். எதிரில் யாரும் இல்லை, ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த நழுவலில் அம்மாவின் உடம்பு இடது பக்கம் போய் வலது பக்கம் திரும்பியது. அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, நிறுத்துங்க என்றாள்.

பஸ் நிறுத்தத்து நிழற்குடையில் கொஞ்ச நேரம் நின்றாள். உட்கார முடியவில்லை. ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை இடுப்பில் வைத்து, ஏரியைப் பார்த்தபடி நின்றாள். நான் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"நான் எழுதிக் குடுத்துடறேங்க" என்றாள். "நீங்க இன்னா செய்யணுமோ செஞ்சிட்டீங்க. ஒடம்பு ஒத்துக்கல. அவ்ளோதான்."

திரும்பி வரும்போது இருபதுக்கு மேல் நான் போகவில்லை. வீட்டுக்கு வந்து அவள் பாயில் படுத்தபடியே, ஒரு அட்டையை நெஞ்சில் வைத்து வெள்ளைப் பேப்பரில் அந்தக் கடிதத்தை எழுதினாள். சொந்தக் காரணங்களால் பதவி உயர்வை ஏற்க இயலவில்லை என்று. அழகான கையெழுத்து, உங்களுக்குத் தெரியுமே. மடித்துக் கைப்பையில் வைத்தாள். மறுவாரம் திங்கட்கிழமை கடைசி நாள். சனிக்கிழமைக்குள் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னாள்.

நான் நேரே ஷெட்டுக்குப் போனேன். போனதும் கத்தினேன் என்று ஒத்துக்கொள்கிறேன். நீ போட்டது காரு ஸ்பிரிங்கா, லாரி ஸ்பிரிங்கா என்றேன். அன்றைக்கு டீ வாங்கிக் கொடுக்கும்போது அது லாரி ஸ்பிரிங் என்று தெரியவில்லையா என்று அவன் கேட்டான். அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு நைனா போட்டான். ஓட்டத் தெரியாதவன் எல்லாம் வந்து என் பேரைக் கெடுக்கிறான் என்கிற அளவுக்குப் பேச்சு போனது. பேசிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தவன், பின்பக்கம் வந்து நின்றுவிட்டான். குனிந்து விரல் வைத்துப் பார்த்தான். பின்னால் ஆறு விரல் இடைவெளி. அன்றைக்கு நாலு விரல் வைத்து அனுப்பிய வண்டி.

"ஸ்பிரிங்கு வளருமாடா?" என்று என்னிடமே கேட்டான்.

பிறகு சாவியை வாங்கி டிக்கியைத் திறந்தான். உள்ளே குடை இருந்தது. பேப்பர் கட்டு இருந்தது. கார்ப்பெட் முழுக்க அரிசி சிந்திக் கிடந்தது. சணல் நூல் ஒன்று, மூட்டை வாயைத் தைக்கிற நூல், ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. கார்ப்பெட்டில் நாலைந்து சதுரமாக அழுந்திய தடம் இருந்தது.

நான் அம்மாவுக்குப் போன் போட்டேன். டிக்கியில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"அரிசி மூட்டைங்க. நேத்து ஞாயித்துக்கிழமதான் புள்ளைங்க எறக்கிச்சிங்க. ஏன், எலி கடிச்சி வெச்சிருக்குதா?"

"எத்தன நாளா இருந்துது?"

"அண்ணன் ஊட்லருந்து நம்ம வந்த நாள்லருந்து."

நடந்தது இதுதான். திருவாலங்காட்டுப் பக்கம் உங்கள் மாமா நெல் பயிர் வைக்கிறார். ஒவ்வொரு அறுவடைக்கும் அரைத்து நமக்கு அரிசி கொடுப்பார். மற்ற வருடங்களில் நாம் சொன்ன பிறகு அவரே ஒரு டெம்போவில் கொண்டுவந்து போடுவார். அந்த வருடம் நாம் நம் காரில் போயிருந்தோம். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் ஆறு சிப்பத்தை டிக்கியில் ஏற்றிவிட்டார். ஒரு சிப்பம் இருபத்தைந்து கிலோ. அது எனக்குத் தெரியும். மறுநாளே வீட்டில் புது அரிசியில் பொங்கல் வைத்தாள், நானும் சாப்பிட்டேன். அரிசி வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அம்மா பிறந்த வீட்டு வழக்கம் ஒன்று இருக்கிறது. டிரம்மில் பழைய அரிசி இருக்கும்வரை புது அரிசி வீட்டு வாசல்படியைத் தாண்டக்கூடாது. பொங்கல் வைக்க ஒரு படி மட்டும் உள்ளே வரும். இத்தனை வருடம் மாமா காத்திருந்து கொண்டுவந்து போட்டதால் அந்த வழக்கம் என் கண்ணில் பட்டதே இல்லை. அந்த வருடம் மூட்டைகள் காத்திருக்க வேண்டிய இடம் நம் டிக்கி ஆகிவிட்டது. வெளியில் வைத்தால் எலி, டிக்கியில் எலி வராது. டிரம் காலியான ஞாயிற்றுக்கிழமை, நான் ஓவர்டைம் போயிருந்தபோது, நீங்கள் இரண்டு பேரும் எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்து இறக்கினீர்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. அரிசி உள்ளே வந்ததை ஒரு செய்தியாக யார் சொல்லுவார்கள்?

நான் போனை வைத்தேன். மெக்கானிக் ஒரு டயர் மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"நைனா, நான் ஒன் காருக்கு ஸ்பிரிங்கு போடல. ஒன் மச்சான் ஊட்டு அரிசிக்குப் போட்டுக் குடுத்துகிறேன்."

சிரித்து முடித்ததும் எனக்கு விளக்கினான், விளக்க வேண்டியதே இல்லை. ஆறு மூட்டை பின்னால் இருந்தால் எந்த ஸ்பிரிங்கும் இறங்கும். தளர்ந்துவிட்டது என்று மூலையில் வீசிய ஸ்பிரிங் தளரவே இல்லை. அந்த எடைக்குப் பொருத்தமாகக் கனமான ஸ்பிரிங் போட்டோம், எடை இருந்தவரை அருமையாக ஓடியது. எடை போனதும் ஸ்பிரிங்குக்குத் தாங்க ஒன்றும் இல்லை, உதைத்தது. அவன் மேல் தப்பு இல்லை. அவன் கேட்டான், நான்தான் பார்க்காமல் சொன்னேன். இதை நான் அவனிடம் அப்போதே சொன்னேன். தப்பு நம்முடையது என்றால் உடனே சொல்லிவிட வேண்டும், வேலை சீக்கிரம் முடியும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். அவள் பாயில் படுத்தபடியே கேட்டாள்.

"உள்ள பாக்காம மெஷின்ல கை வெக்கக்கூடாதுன்னு புள்ளைங்களுக்கு நாள்பூரா சொல்றது யாரு?" என்றாள்.

"நான்தான்."

"டிக்கி தொறக்கறதுக்கு ஐ.டி.ஐ.யில சொல்லிக் குடுக்கல போலருக்கு."

நான் வாங்கிக்கொண்டேன். அவள் கேலி பேசுகிறாள் என்றால் பாதிக் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். சனிக்கிழமை வரைக்கும் அந்தக் கடிதத்தைக் கொடுக்காமல் இரு என்று கேட்டேன். அவள் யோசித்தாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். மாட்டி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட வேண்டாம், மாட்டும்போதே வந்து உட்காருகிறேன், சரியில்லை என்றால் அங்கிருந்தே போய்க் கடிதத்தைக் கொடுத்துவிடுவேன், அப்புறம் இதைப் பற்றி வீட்டில் பேச்சே இருக்கக்கூடாது என்றாள். சரி என்றேன்.

நாலு நாள் படுத்து எழுந்ததில் வலி குறைந்திருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் அம்மா மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தாள். கையில் கால் பரீட்சைத் தாள் கட்டு, சிவப்புப் பேனா. கனமான ஸ்பிரிங்கைக் கழற்றி, மூலையில் கிடந்த பழைய ஸ்பிரிங்கைத் துடைத்து, மறுபடி ஏற்றியிருந்தோம். மெக்கானிக் அவளை முன்சீட்டில் உட்காரச் சொன்னான். என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னான். அவள் கைப்பை, என் டிபன் பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் வழக்கமாக இருக்கும் இடத்தில் வைக்கச் சொன்னான். டிக்கியை அவனே திறந்து, எட்டிப் பார்த்து, மூடினான். அதற்கப்புறம்தான் விரல் வைத்து அளந்தான். முன்னால் நாலு, பின்னால் நாலு.

பிறகு ஜன்னல் பக்கம் வந்து குனிந்து, இத்தனை நாளில் நான் கேட்காத ஒன்றை அவளிடம் கேட்டான்.

"டீச்சரம்மா, எப்போ நோவுது? பள்ளத்துல எறங்கும்போதா, ஏறும்போதா?"

அம்மா திருத்திக்கொண்டிருந்த தாளை மூடினாள். "பள்ளம்கூட பரவால்லண்ணா. வரப் போவுதுன்னு கண்ணுல தெரியுது, கெட்டியா உக்காந்துக்குவேன். இவரு வளைவுல திருப்பும்போது ஒரு பக்கமா சாயுது, நேரானதும் இன்னொரு பக்கமா தள்ளுது பாருங்க, அப்பதான் நரம்பப் புடிச்சி இழுக்குது."

நானும் மெக்கானிக்கும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் அத்தனை நாளும் ஒரு வண்டிக்குள் இரண்டு ஆசை சண்டை போடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு மெத்தை வேண்டும், எனக்குப் பலகை வேண்டும் என்று. அவள் கேட்டதோ வண்டி சாயக்கூடாது என்பதுதான். நான் கேட்டதும் அதுதான். வளைவில் எனக்குச் சுகமாக இருக்க எது வேண்டுமோ, அதுதான் அவள் இடுப்புக்கும் வேண்டும்.

முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற வளைந்த கம்பி ஒன்று உண்டு, ஸ்டெபிலைசர் என்பார்கள். வண்டி ஒரு பக்கமாகச் சாயும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு எதிர்த்து நிற்கும். நேராகப் போகும்போது அது பாட்டுக்கு இருக்கும், மெத்தையைக் கெடுக்காது. நம் வண்டியில் இருந்தது மெலிசான கம்பி, அதன் இரண்டு முனை லிங்க்கும் தேய்ந்து கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கிடம் இதே காரின் பெரிய மாடலில் வருகிற தடித்த கம்பி ஒன்று இருந்தது. அதைப் போட்டு, லிங்க்கையும் ரப்பரையும் புதிதாக மாட்டினான். அந்த இரண்டு மணி நேரமும் அம்மா ஒரு நாற்காலியில் முதுகுக்கு ஒரு சாக்கை மடித்து வைத்துக்கொண்டு தாள் திருத்தினாள். நடுவில் மெக்கானிக்கின் மகள் எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாவது, கணக்கில் எவ்வளவு என்று விசாரித்து முடித்துவிட்டாள். அவன் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு மாணவன் மாதிரி பதில் சொன்னான். நைனா என்ற வார்த்தை அவன் வாயில் அன்று வரவே இல்லை.

மூன்று பேருமாகக் கிளம்பினோம். மெக்கானிக் பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்தான். அதே ரோடு, அதே ஒட்டுப் போட்ட வளைவு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஸ்டீயரிங்கை ஒரே தடவை திருப்பி, அங்கேயே பிடித்து, வெளியே வந்தபோதுதான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி ஒட்டின் மேல் ஏறி இறங்கியது. சாயவில்லை. பின்சக்கரம் ரோட்டை விடவில்லை. நான் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தேன். ஆனால் அவள் கை கைப்பிடிக்குப் போகவில்லை என்பது ஓரக்கண்ணில் தெரிந்தது.

அடுத்த வளைவில், "இத்த கொஞ்சம் வேகமாப் போங்க, பாக்கலாம்" என்றாள்.

பின்சீட்டிலிருந்து மெக்கானிக் மெதுவாகச் சொன்னான், "டீச்சரம்மா, ஒங்களுக்கும் இவன் வளைவு பைத்தியம் புடிச்சிக்கிச்சா?"

போனேன். இதை இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, பெரியவளே. நீயும் நாளைக்கு வண்டியை மாற்ற ஆசைப்படுவாய். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தினால் அழகாக இருக்கும் என்று யாராவது சொல்லுவார்கள். வெட்டாதே. கல் மாதிரி இறுக்கமாக இருந்தால்தான் வேகமான வண்டி என்பார்கள். நம்பாதே. சக்கரம் ரோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிற வண்டிதான் வேகமான வண்டி, நம் ஊர் ரோட்டில் அதற்குக் கொஞ்சம் மிருதுவும் வேண்டும். சாமான் வாங்குவதற்கு முன்னால் யார் யார் உட்காரப் போகிறார்கள், என்ன ஏற்றப் போகிறோம் என்று பார்த்துவிடு. பக்கத்து சீட்டில் உட்காருகிறவரை வாய் திறந்து கேள். நான் கேட்கவே இல்லை.

திங்கட்கிழமை கடைசி நாள். அம்மா பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஊத்துக்கோட்டையில் நின்று பூ வாங்கினோம். பள்ளிக்கூட வாசலில் நான் வண்டியை நிறுத்தி, சுற்றிப் போய்க் கதவைத் திறக்கலாம் என்று இறங்குவதற்குள் அவளே இறங்கிவிட்டாள். வழக்கமாக இறங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று, இடுப்பை நிமிர்த்திக்கொண்டுதான் நடப்பாள். அன்று நிற்கவில்லை. பிள்ளைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் அவர்கள் நடுவில் நேராக நடந்து ஆபீஸ் அறைக்குள் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த அந்தப் பேப்பரை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. வண்டியைத் திருப்பும்போது அவள் வராந்தாவுக்கு வந்து கையைக் காட்டினாள். கண்ணாடியை இறக்கினேன்.

"நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா கெளம்பணுங்க. பிரேயர் மணி அடிக்கறதுக்கு முன்னாடி நான் இங்க நிக்கணும்" என்றாள்.